‘நைஸ்’: ஒரு பாராட்டுச் சொல்லின் சரித்திரம்

சொற்கள் கெட்டுப்போகின்றன என்ற புலம்பல் எல்லா மொழிகளிலும் உண்டு. முன்பு இந்தச் சொல்லுக்குத் திட்டமான ஒரு அர்த்தம் இருந்தது. அது தெரியாதவர்கள் கையாண்டு கையாண்டு தேய்த்துவிட்டார்கள். இப்போது அதைச் சொன்னாலும் ஒன்றுதான், சொல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்பது இந்தப் புலம்பலின் சாரம். பாராட்டுச் சொற்கள் விஷயத்தில் இது இன்னும் கொஞ்சம் உரக்கவே கேட்கும். ‘அருமை’, ‘அற்புதம்’, ‘பிரமாதம்’ எல்லாம் மதிப்பிழந்துவிட்டன என்று நம் விமர்சகர்கள் குறைப்பட்டுக்கொள்வதை நான் பலமுறை படித்திருக்கிறேன். இந்தக் குறையின் அடியில் ஒரு சரித்திர வாதம் பதுங்கியிருக்கிறது. ஆதியில் தூய்மை, பிறகு பாமரர் கையில் சீரழிவு என்பது அந்த வாதம். ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, அதன் வரலாற்றை வைத்து இந்த வாதம் நிற்கிறதா என்று பார்ப்பதே இங்கு என் நோக்கம். அதற்கு ஆங்கில ‘நைஸ்’ என்ற பெயரடை மிகவும் தோதானது. அதிகம் புழங்குகிற சொல். ஆகவே அதிகம் வசையும் வாங்கிய சொல்.

‘நைஸ்’ பிறந்தபோது பாராட்டாகப் பிறக்கவில்லை. அதன் மூலம் லத்தீன் ‘நெஸ்கியுஸ்’. ‘நெ’ என்றால் இல்லை; ‘ஸ்கிரே’ என்றால் அறிதல். அறியாதவன் என்பதே சொல்லின் உடல். அதே ‘ஸ்கிரே’ என்ற வேரிலிருந்துதான் ‘சயின்ஸ்’ என்ற சொல்லும் வந்தது. அறிவியலுக்கும் இன்றைய ‘நைஸ்’க்கும் ஒரே தாய், ஒன்று அறிவு, மற்றது அறியாமை. லத்தீனிலிருந்து பழைய பிரெஞ்சுக்குப் போய், அங்கே மூடன், அசடு என்ற பொருளில் வழங்கி, 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தை வென்ற பிறகு பிரெஞ்சுச் சொற்கள் வெள்ளமாக வந்த காலத்தின் தொடர்ச்சியில், 1300 வாக்கில் ஆங்கிலத்தில் அது தென்படத் தொடங்குகிறது. 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய சாஸர் ஒருவனை ‘நைஸ்’ என்றால் அவன் அசடு என்று பொருள். ஸ்பானிய மொழியில் இதன் உடன்பிறப்பான ‘நெஸியோ’ இன்றும் முட்டாளைத்தான் குறிக்கிறது. ஒரே சொல் இரண்டு வீடுகளில் வளர்ந்து, ஒரு வீட்டில் வசையாகவும் இன்னொரு வீட்டில் உபசாரமாகவும் ஆகியிருக்கிறது.

இதற்கு நேர் எதிர்த் திசையில் நடந்த சொல் ‘ஸில்லி’. பழைய ஆங்கிலத்தில் அதன் மூல வடிவம் பாக்கியம் பெற்றவன், இறையருள் உள்ளவன் என்று பொருள்பட்டது. ஜெர்மனில் ‘ஸேலிக்’ என்ற உறவுச் சொல் இன்னும் அந்தப் பொருளோடேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் பாக்கியசாலி களங்கமற்றவன் ஆனான். களங்கமற்றவன் பரிதாபத்துக்குரியவன் ஆனான். பரிதாபத்துக்குரியவன் பலவீனன் ஆனான். 16-ஆம் நூற்றாண்டில் பலவீனன் அசடனாகவே முடிந்தான். மூடன் இனியவனாகவும் அருளாளன் மூடனாகவும் ஆன இந்த இரண்டு பயணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே, சொற்கள் மேலிருந்து கீழே மட்டும்தான் விழும் என்ற நம்பிக்கை ஆட்டம் கண்டுவிடுகிறது.

அசடு எப்படி இனிமை ஆயிற்று? ஒரே தாண்டலில் ஆகவில்லை. ஒன்றும் அறியாதவன் உலகம் தெரியாதவன். உலகம் தெரியாதவன் கூச்சப்படுபவன். கூச்சப்படுபவன் எதையும் எளிதில் தொடமாட்டான், எதையும் எளிதில் ஏற்கமாட்டான். இங்கே சொல் மெல்லத் திரும்புகிறது. எதையும் எளிதில் ஏற்காதவன் நுணுக்கம் பார்ப்பவன் ஆகிறான். நுணுக்கம் பார்ப்பவனிடமிருந்து அவன் பார்க்கிற நுணுக்கத்துக்கே சொல் தாவுகிறது. மெல்லிய வேறுபாடு, துல்லியமான அளவு, கவனமாகக் கையாள வேண்டிய பிரச்னை எல்லாம் ‘நைஸ்’ ஆகின்றன. சட்டத்தில் சிக்கலான, மயிரிழை வித்தியாசத்தில் தீர்மானிக்க வேண்டிய கேள்வியை ஆங்கில வழக்கறிஞர்கள் இன்றும் ‘நைஸ்’ என்கிறார்கள். அது இந்தப் படிநிலையின் மிச்சம். இன்னொரு கிளையில் நுண்மை என்பது அற்பம் என்றாகியது. ‘ரோமியோ அண்ட் ஜூலியட்’டில் போய்ச் சேராத கடிதத்தைப் பற்றித் துறவி லாரன்ஸ் வருந்தும்போது, அது ‘நைஸ்’ ஆன கடிதம் இல்லை என்கிறார். அற்ப விஷயமில்லை, கனமான விஷயம் என்பது அவர் சொல்வது. ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில் காஸியஸ் சண்டை பிடிக்கும்போதும் அற்பக் குற்றங்களுக்கு இதே அடைதான். காமாந்தகாரம் என்ற பொருளில் ஒரு கிளை, பிகு பண்ணுவது என்ற பொருளில் இன்னொரு கிளை என்று, ஒன்றுக்கொன்று பகையான அர்த்தங்கள் ஒரே காலத்தில் ஒரே சொல்லில் குடியிருந்தன.

1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியில் ‘என்’ எழுத்தைப் பதிப்பித்தவர் வில்லியம் கிரெய்கி. 16, 17-ஆம் நூற்றாண்டு மேற்கோள்கள் பலவற்றில் எழுதியவர் எந்தப் பொருளை நினைத்து இந்தச் சொல்லை இட்டார் என்று தீர்மானிப்பது கடினம் என்ற குறிப்பை அந்த அகராதி இந்தச் சொல்லின் கீழ் பதிவு செய்திருக்கிறது. உலகத்தின் மிகப் பெரிய அகராதிகளில் ஒன்று, கைகளை விரித்துக் காட்டுகிற இடம் அது. சொல் தெளிவாக இருந்த ‘பொற்காலம்’ என்று எதைக் காட்டுவது? ஷேக்ஸ்பியர் காலத்திலேயே அது குழம்பித்தான் கிடந்தது.

1755-இல் வெளியான சாமுவேல் ஜான்ஸனின் அகராதி இந்தக் குழப்பத்தைப் பெருமளவு ஒழுங்குபடுத்தியது. துல்லியம், அளவுக்கு மீறிய துல்லியம், மென்மை, எதிலும் குறை காணும் தன்மை, பண்பட்ட நயம் என்ற வரிசையில் அங்கே பொருள்கள் அடுக்கப்பட்டுள்ளன. ‘இனிமையான’, ‘மனதுக்குப் பிடித்த’ என்ற பொருள் அந்த வரிசையில் கிடையாது. ஆனால் அதே நூற்றாண்டின் பிற்பகுதியில், கடிதங்களிலும் பேச்சிலும் அந்தப் பொருள் பரவிவிட்டது. நல்ல நடை, நல்ல தேநீர், நல்ல பெண், நல்ல நாள் எல்லாமே ‘நைஸ்’. அகராதி கதவைச் சாத்தியிருந்தபோது சொல் கொல்லைப்புறமாக வீட்டுக்குள் வந்துவிட்டது.

இந்தத் திருப்பத்தின் மிகச் சிறந்த சாட்சி ஒரு நாவல். ஜேன் ஆஸ்டின் ‘நார்த்தாங்கர் அபி’யை 1798-99 வாக்கில் எழுதினார். 1803-இல் ஒரு பதிப்பாளர் அதைப் பத்து பவுனுக்கு வாங்கிப் போட்டுவிட்டு அச்சிடவே இல்லை. 1816-இல் அது திரும்ப வாங்கப்பட்டது. ஆசிரியர் இறந்த பிறகு 1817 டிசம்பரில்தான் நூலாக வந்தது. அதில் பாத் நகரத்துக்கு வெளியே உள்ள பீச்சன் கிளிஃப் குன்றுக்கு நடந்து போகையில், பதினேழு வயதுக் காதரைன், ஆன் ராட்க்ளிஃபின் ‘உடால்ஃபோ மர்மங்கள்’ நாவலை ‘நைஸ்’ என்று புகழ்ந்துவிடுகிறாள். ஆக்ஸ்ஃபோர்டில் படித்த பாதிரியான ஹென்றி டில்னி அவளைப் பிடித்துக்கொள்கிறான். புத்தகத்தின் பைண்டிங்கைத்தானே சொல்கிறாய் என்கிற பாணியில் கிண்டல் செய்கிறான். முன்பெல்லாம் இந்தச் சொல் ஒழுங்கு, செம்மை, நுட்பம், பண்பு ஆகியவற்றுக்கு மட்டுமே வழங்கியது. இப்போது எந்த விஷயத்தைப் பற்றிய எந்தப் பாராட்டுக்கும் இந்த ஒரே சொல் போதுமென்று ஆகிவிட்டது என்கிறான். அவனுடைய தங்கை காதரைனுக்குப் பரிந்து பேசுகிறாள். இவனிடம் அகப்பட்டால் ஜான்ஸனையும் பிளேரையும் வைத்து நம்மை நசுக்கிவிடுவான் என்று எச்சரிக்கிறாள். பிளேர் என்பது எடின்பரோவில் சொல்லணிப் பேராசிரியராக இருந்த ஹியூ பிளேர். அவருடைய விரிவுரைகள் 1783-இல் வெளியாகி, ரசனைக்கு இலக்கணம் என்று மதிக்கப்பட்டன.

இந்தக் காட்சியைத் தூய மொழிக்காரர்கள் தங்கள் கட்சிக்குச் சாட்சியாகச் சொல்வது வழக்கம். எனக்கு அது எதிர்க்கட்சிச் சாட்சியாகவே படுகிறது. டில்னி சொல்லும் ‘ஆதி’ அர்த்தம் ஆதியே அல்ல. அவன் ஆதி என்று நினைப்பது சொல்லின் பயணத்தில் நடுவழியில் வந்த ஒரு சத்திரம். உண்மையான ஆதிக்குப் போயிருந்தால், அந்த நாவலை அசட்டுப் புத்தகம் என்று காதரைன் திட்டிவிட்டதாகத்தான் அவன் பொருள் கொள்ள வேண்டும். தன் பாட்டனார் காலத்து வழக்கையே சொல்லின் சுயரூபம் என்று எண்ணுவது தூய மொழிக்காரரின் நிரந்தரப் பிழை. அதோடு அந்த நாவலிலேயே இன்னொரு சொல் நடனமாடுகிறது. காதரைனின் தோழி இஸபெல்லா அவளுக்குப் படிக்கச் சில பேய்க்கதைகளைப் பட்டியலிட்டுத் தரும்போது, அவை அனைத்தும் ‘ஹாரிட்’தானே என்று காதரைன் ஆவலோடு உறுதி செய்துகொள்கிறாள். கோரம் என்பதே அங்கே சிபாரிசு. நம் பிள்ளைகள் ‘பயங்கரமா நல்லா இருக்கு’ என்கிறார்களே, அதே ருசி. அச்சத்தையும் மலைப்பையும் குறித்த சொற்கள் புகழ்ச்சிக்குப் போவது ஆங்கிலத்தில் வாடிக்கை. ‘டெரிஃபிக்’ நடுங்க வைப்பது என்றிருந்து சபாஷ் என்றாயிற்று. ஒரே வேரில் பிறந்த ‘ஆஃபுல்’ மட்டமானது என்று கீழே போக, ‘ஆஸம்’ 1980-களுக்குப் பிறகு அமெரிக்க இளைஞர் வாயில் புகழின் உச்சிக்குப் போயிற்று. ஒரே வீட்டுப் பிள்ளைகளின் ஜாதகம் இப்படி.

காதரைன், டில்னி தர்க்கத்தில் இன்னொரு தளமும் உண்டு. பேசுகிறவள் பெண், கல்லூரி வாசல் மிதிக்காதவள், நாவல் படிப்பவள். திருத்துகிறவன் ஆண், பட்டதாரி, கையில் அகராதி. 1926-இல் வெளிவந்த ஆங்கில வழக்கு பற்றிய புகழ்பெற்ற கையேட்டில் ஹென்றி ஃபௌலர் இந்தச் சொல்லின் சீரழிவுக்குப் பெண்களையே பொறுப்பாக்குகிறார். அவர்கள் அளவுக்கு மீறிச் செல்லம் கொடுத்து அதன் தனித்தன்மையைக் கரைத்துவிட்டார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. ஆனால் காதரைனின் ஒற்றைச் சொல்லில் அகராதிகளால் தர முடியாத ஒன்று இருந்தது. ராத்திரி முழுக்கக் கண் விழித்துப் படித்தவளின் சந்தோஷம் அது. டில்னியும் அதே நாவலை இரண்டே நாளில், மயிர்க்கூச்செறிய, கீழே வைக்காமல் படித்தவன்தான். அந்தச் சந்தோஷத்தைப் பகிர்ந்துகொண்டேதான் அவன் இவளைத் திருத்துகிறான். ஆஸ்டின் இருவரையும் பார்த்துச் சிரிக்கிறார். இந்த இரட்டைச் சிரிப்பைப் பார்க்காமல் டில்னியின் பக்கம் மட்டும் கைதட்டுவது நாவலைப் பாதி படிப்பதாகும்.

20-ஆம் நூற்றாண்டில் இந்தப் பிரச்னை விமர்சகர்களின் கைக்கு வந்தது. ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜ் மாணவர்களிடம் பெயர் நீக்கிய கவிதைகளைக் கொடுத்து, அவர்கள் எழுதித் தந்த கருத்துகளை ஆராய்ந்து, 1929-இல் ‘பிராக்டிகல் கிரிட்டிஸிஸம்’ நூலை வெளியிட்டார். மாணவர்களின் புகழுரையும் இகழுரையும் கவிதையைப் பற்றி எவ்வளவு குறைவாகவும் அவர்களுடைய பழகிய உணர்ச்சிகளைப் பற்றி எவ்வளவு அதிகமாகவும் சொல்கின்றன என்பது அந்த நூலின் கசப்பான விளைவு. சி.எஸ். லூயிஸ் 1960-இல் ‘ஸ்டடீஸ் இன் வேர்ட்ஸ்’ நூலின் முன்னுரையில் இன்னும் கடுமையாகப் பேசினார். ஜனங்களுக்கு ஒரு பொருளை வர்ணிப்பதைவிட, அது பிடித்திருக்கிறதா இல்லையா என்று சொல்வதில்தான் அவசரம். ஆகவே வர்ணிக்கும் சொற்கள் எல்லாம் மெல்ல மெல்ல ‘நல்லது’, ‘கெட்டது’ என்ற இரண்டுக்கும் வெறும் பதிலிகளாகி முடிகின்றன. இது சொற்கொலை என்பது அவர் வாதம்.

லூயிஸ் சொல்லும் நிகழ்வு உண்மை. அதற்குக் கொலை என்று பெயரிடுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. ‘நைஸ்’ சாகவில்லை, வேறு வேலைக்குப் போயிற்று. இன்றைய ஆங்கிலப் பேச்சில் அது சூட்டைக் குறிக்கும் சொல்லுக்கு முன்னால் வந்து இதமான சூடு என்று காட்டும். குரலைச் சற்று இழுத்தால் ஏளனமாகும். வேறொன்றும் சொல்ல இல்லாத மனிதரைப் பற்றிச் சொன்னால் மரியாதையான நிராகரிப்பு ஆகும். லாரல்-ஹார்டி படங்களில் தன்னைச் சிக்கலில் மாட்டிவிட்டதற்காக லாரலை ஹார்டி கடிந்துகொள்ளும்போது அந்தச் சிக்கலுக்கு அவர் தரும் அடைமொழி ‘நைஸ்’தான். 1930-இல் வந்த அவர்களது ஒரு படத்தின் தலைப்பில் ‘ஃபைன்’ என்று இருந்ததால், ஜனங்களின் ஞாபகத்தில் வசனமும் ‘ஃபைன்’ என்றே பதிந்துபோயிற்று. ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்தாலும் கேட்பவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. சொல் வெறுமையாகிவிட்டது என்று இதைச் சொல்லலாம். வெறும் பாத்திரமாக இருப்பதனால்தான் எந்தத் தொனியையும் அதில் ஊற்ற முடிகிறது என்றும் சொல்லலாம்.

இந்தச் சொல் நம் வீட்டுக்கும் வந்திருக்கிறது. வந்த இடத்தில் அது எடுத்த உருவம்தான் எனக்கு மிகவும் சுவாரஸ்யமானது. ‘மாவை நைஸா அரைக்கணும்’ என்று சமையலறையில் சொல்லும்போது, மாவு இனிமையானது என்று யாரும் நினைப்பதில்லை. பொடியாக, வழுவழுப்பாக, திப்பி இல்லாமல் என்று பொருள். ஆங்கிலம் ஏறக்குறையக் கைவிட்டுவிட்ட நுண்மை என்ற பொருளை நம் ஆட்டுக்கல் காப்பாற்றி வைத்திருக்கிறது. ‘நைஸா காசை எடுத்துட்டுப் போயிட்டான்’, ‘நைஸா நழுவிட்டான்’ என்றால் ஓசைப்படாமல், சாமர்த்தியமாக, கொஞ்சம் கள்ளத்தனமாக. இந்தக் கள்ளத்தனம் ஆங்கிலத்தில் இல்லை. இது எங்கிருந்து வந்தது? என் ஊகம், நம்மிடம் ஏற்கெனவே இருந்த இரண்டு சொற்களின் நடுவில் அது போய் உட்கார்ந்துகொண்டது என்பது. ஒன்று நைதல்: இழைந்து, குழைந்து, உருக்குலைந்து போவது, நைய அரைப்பது. மற்றது நயம். நயத்தல் என்ற வினை விரும்புதல் என்னும் பொருளில் சங்கப் பாடல்களிலேயே உண்டு. மளிகைக் கடையில் நயம் பருப்பு என்றால் உயர்ந்த தரம். கவிதையில் நயம் என்றால் அழகு. நயமாகப் பேசினான் என்றால் இதமாக. அதிலேயே ஏதோ காரியம் இருக்கிறது என்ற சந்தேகமும் ஒட்டிக்கொள்ளும். நயவஞ்சகன் என்னும்போது சந்தேகம் உறுதியாகிவிடுகிறது. இனிமைக்கும் வஞ்சனைக்கும் நடுவிலுள்ள மெல்லிய கோட்டைத் தமிழ் வெகு காலமாகவே அறிந்திருந்தது. வந்த விருந்தாளியை அந்தக் கோட்டின் மேலேயே உட்கார வைத்துவிட்டது.

நம் புகழ்ச்சிச் சொற்களின் பூர்விகமும் ‘நைஸ்’ ஐவிட யோக்கியமானதல்ல. ‘பிரமாதம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். சமஸ்கிருதத்தில் ‘பிரமாத’ என்றால் கவனக்குறைவு, தவறு. பௌத்த தம்மபதத்தின் இரண்டாவது அத்தியாயத்துக்கே இதன் எதிர்ச்சொல்லான ‘அப்பமாத’ என்பதுதான் பெயர். விழிப்பு, அசட்டையின்மை என்று பொருள். மலையாளத்தில் இன்றும் பிரமாதம் என்றால் பிழை. பரபரப்பை உண்டாக்கிய வழக்கையும் அங்கே பிரமாதமான கேஸ் என்பார்கள். தவறு, விபரீதம், அளவு மீறியது, அளவு கடந்த சிறப்பு என்று படியேறியிருக்க வேண்டும். சபாவில் ஆலாபனை முடிந்ததும் ‘பிரமாதம்’ என்று தலையசைக்கும் ரசிகர், சொல்லின் ஆதிப் பொருளில் பார்த்தால், பாடகர் தப்புச் செய்துவிட்டார் என்கிறார். ஆதிக்குத் திரும்புவோம் என்கிறவர்கள் இந்த ரசிகரை என்ன செய்யப்போகிறார்கள்?

ஆகவே பாராட்டுச் சொல்லுக்கு மீட்டெடுக்க வேண்டிய தூய நிலை ஒன்று கிடையாது. ஆனால் இதனால் எந்தச் சொல்லை எப்படிச் சொன்னாலும் சரி என்று ஆகிவிடாது. காதரைன் நடந்துகொண்டே பேசுகிறாள். எதிரே ஆள் இருக்கிறது. அவள் முகமும் குரலும் சொல்லை நிரப்புகின்றன. ரசிகமணி டி.கே.சி. கம்பனைப் பாடிக் காட்டி ரசிக்க வைத்தபோதும் அப்படித்தான். அங்கே ‘ஆஹா’ போதும், ஏனென்றால் பாட்டு அந்த அறையில் இருந்தது. அச்சில் இந்த வசதி இல்லை. குரலும் முகமும் போய்விட்ட தாளில் ‘அருமையான கவிதை’ என்று எழுதினால், மிஞ்சுவது எழுதியவருக்கும் எழுதப்பட்டவருக்கும் உள்ள உறவு மட்டுமே. வாசகன் அந்த உறவைத்தான் படிக்கிறான். பேச்சின் உபசாரத்தை விமர்சனத்தின் தீர்ப்பாக அச்சேற்றுவதுதான் நம்முடைய கோளாறு. சொல் தேய்ந்துபோனது அல்ல. பள்ளிக்கூடத் தேர்வில் ‘நயம் பாராட்டுக’ என்று கேட்டு, மோனை நயம், எதுகை நயம், அணி நயம் என்று தலைப்பு வாரியாக மதிப்பெண் போடுவது இதன் மறுபக்கம். கவிதை பிடித்ததா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. பாராட்டு முன்கூட்டியே தீர்மானமாகிவிட்டது.

1959-இல் தொடங்கிய ‘எழுத்து’ பத்திரிகையில் சி.சு. செல்லப்பா அலசல் விமர்சனத்தை வலியுறுத்தியதன் முக்கியத்துவம் இந்த இடத்தில்தான் எனக்குத் துலக்கமாகிறது. அவருடைய அலசல் சில சமயம் சலிப்பூட்டும். வரி வரியாகப் பிரித்துப் போட்டுவிட்டுக் கவிதையைத் திரும்பக் கோக்க மறந்துவிடும். இருந்தாலும் ஒரு கவிதை நன்றாக இருக்கிறது என்று சொல்பவன் எந்த வரியில், எந்தச் சொல்லில், எதனால் என்று காட்டக் கடமைப்பட்டவன் என்ற நிபந்தனையை அது நம் முன்னே வைத்தது. அந்த நிபந்தனைக்கு உட்பட்டால் பெயரடை எதுவாக இருந்தாலும் பாதகமில்லை. ‘நைஸ்’ என்றுகூட எழுதிவிட்டுப் போகலாம். அடுத்த வாக்கியம் காரணத்தோடு வந்தாக வேண்டும். நமது மதிப்புரைப் பகுதிகளில் இந்த அடுத்த வாக்கியம் எத்தனை இடங்களில் இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது, புதிய புகழ்மொழிகள் தேடுவதைவிட உபயோகமான வேலை.